பயோட்டின் மாத்திரையா, சாப்பாடா?

முடி கொட்டுகிறது என்றதும் பலர் முதலில் வாங்குவது பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் விற்பதோ 5,000, 10,000! அவித்த முட்டை ஒன்றிலேயே சுமார் 10 இருக்கிறது. பயோட்டின் குறைபாடு அபூர்வம். அந்தக் குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரமும் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவு தப்பாக வரலாம். முடி ஏன் கொட்டுகிறது என்று பார்க்க எடுக்கும் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று!

சாப்பாட்டு வழி மெதுவானது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தானே வளரும்? ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தவர்களுக்கு முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை, கீரைதான் அடிப்படை. கீரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடைபடும். பட்டினி டயட்டின் விளைவு 2, 3 மாதம் கழித்துத்தான் சீப்பில் தெரியும், அதற்குள் பழி ஷாம்பு மேல் விழுந்துவிடும்.

நான் சாப்பாட்டுப் பக்கம்தான். அதற்காக ரத்தசோகையைக் கீரையாலேயே சரிசெய்யப் பார்க்க வேண்டாம்; ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு பார்த்து மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை வேண்டியிருக்கும். அப்புறம், பரம்பரை வழுக்கையைப் பயோட்டின் மாத்திரை, சாப்பாடு இரண்டுமே தடுக்காது.