180 ரூபாய் ஸ்பைரல் நோட்ஸ்: வாங்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அரசியலமைப்பு ஒப்பீட்டு நோட்ஸை ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள். 180 ரூபாய் சொல்வார்கள், 160க்குத் தருவார்கள். மெல்லிசுத் தாள்; பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. என் பிரதியில் 61ஆம் பக்கம் இரண்டு முறை வந்து 62 காணோம். கேட்டதும் கடை அண்ணன் முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்தார்.

இந்தியப் பகுதி சுமார்தான். காசு கொடுத்தது அமெரிக்க ஃபெடரல் (மத்திய) நீதிபதிகள் பகுதிக்காக. ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது, அப்புறம் ஆயுள் முழுக்கப் பதவி. நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு நாற்காலி காலியானால் கட்சிகள் ஏன் அப்படி அடித்துக்கொள்கின்றன என்பது இதில் புரிந்துவிடும். அதற்காக, எந்தக் கட்சி நியமித்ததோ அந்தக் கட்சித் தீர்ப்பு என்று நோட்ஸ் கணக்கை முடிக்கவில்லை. குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவர் நியமித்த தலைமை நீதிபதி வாரன் தலைமையில்தான் 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றார்கள். லாக்னர் வழக்கும் இருக்கிறது: பேக்கரித் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று நியூயார்க் வைத்த வரம்பை 1905இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 ஓட்டில் ரத்து செய்தார்கள். ஆக்டிவிசம், அதாவது அரசு போட்ட சட்டத்தில் கோர்ட் துணிந்து தலையிடுவது என்றாலே ஏழைக்குச் சாதகம் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுசு.

பெரிய குறை: கருக்கலைப்பு உரிமை தந்த 1973 ரோ தீர்ப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே போட்டிருக்கிறது. 2022இல் டாப்ஸ் வழக்கில் அது போயாச்சு. வாங்கினால் முதல் வேலையாகப் பேனாவால் திருத்துங்கள்.

இன்னொரு ஆதங்கம், 1996 தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குக்கு நாலே வரி! வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று நம் பழைய பெயர் இருக்கும் தீர்ப்பு அது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு எல்லாம் அதில் வந்தவை. ஆம்பூர் டேனரியில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, “கம்பெனிய கோர்ட்டே நடத்தட்டும்” என்று சோற்றைப் பிசைந்தபடி முணுமுணுப்பார். வாணியம்பாடிப் பக்கம் தென்னை வைத்திருந்த மாமாவோ அந்த நீதிபதியின் படம் கிடைத்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன் என்பார். என் கல்யாணப் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வரும் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

மதியம் 2 மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது. ஜிபே உண்டு.