'ஆஃப்ரோடு' மோட்டார்ஹோம் என்று நம்பி 18,600 டாலர் போச்சு: ஆஸ்திரேலியாவில் வாங்கப்போகிறவர்கள் படியுங்கள்

அடிலெய்டில் இருக்கிறேன். வீடு திரும்பி ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 18,600 டாலர். இது வண்டியின் விலை இல்லை, வண்டி வாங்கிய பிறகு தண்டமாகப் போகிற காசு.

கட்டில், சமையல் வசதியோடு வீடு மாதிரி இருக்கும் வேன்தான் மோட்டார்ஹோம். பழைய மோட்டார்ஹோம்களை விற்கும் ஒரு யார்டு. போனதுமே விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன்: ஜூலை ஸ்கூல் லீவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊட்னடாட்டா டிராக் போகணும். மரீயிலிருந்து மார்லா வரை 600 கி.மீ.க்கு மேல் மண்ரோடு. அறுபது வயது இருக்கும் அவருக்கு. சுவரில் இருந்த மேப்பில் அந்தப் பாதையை விரலால் தடவிக் காட்டி, "இந்த வண்டி அங்கே போய் வந்ததுதான்" என்றார். செம்மண்ணில் வண்டி நிற்கும் போட்டோவையும் காட்டினார். என் மகளிடம், "மேல் கட்டில் உனக்குத்தான்" என்றார். அந்த நிமிஷத்தில்தான் நான் விழுந்தேன். பெரிய டயர், ஸ்நார்கல் (இன்ஜினுக்குக் காற்று இழுக்க மேலே தூக்கி வைத்த குழாய்), பக்கவாட்டில் கரடுபாதைக்கு ஏற்றது என்று அர்த்தம் வரும் 'ஆஃப்ரோடு' ஸ்டிக்கர். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மரீ தாண்டி 90 கி.மீ. ஏர் ஏரியின் தென்பகுதி தெரிகிற இடம். தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும் ரோடு, இங்கே காருகேஷன் என்பார்கள். முதலில் அலமாரி பெயர்ந்து விழுந்தது. அடுத்து தண்ணீர்த் தொட்டியின் தாங்கி முறிந்து தொட்டி தரையில் இழுபட்டது. நின்று பார்த்தால், டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி பக்கச் சுவரிலிருந்து பிளந்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறது. போனில் சிக்னல் இல்லை. பின்னால் வந்த ஒரு குடும்பம் ரேடியோவில் ஆள் பிடித்துக் கொடுத்தது. அவர்களுக்குக் கோடி நன்றி. இழுத்து வர 3,200. போர்ட் ஒகஸ்டா பட்டறையில் எழுதிக் கொடுத்த ரிப்பேர் கணக்கு 15,400. மொத்தம் 18,600.

பட்டறைக்காரர் லைட் பிடித்துக் காட்டினார். சுவருக்குள் மரச்சட்டம், அதில் ஸ்டேப்ளர் பின்! வீட்டுப் பகுதியை சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) நேராக போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது பெட்டியும் சேர்ந்து முறுக்கித்தானே ஆகணும்? உண்மையான கரடுபாதை வண்டிகளில் ஸ்பிரிங் வைத்தோ, மூன்று புள்ளிகளில் தாங்கவிட்டோ பெட்டியை உட்கார வைப்பார்களாம். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வேன் இது. டயர் மாற்றி ஸ்நார்கல் மாட்டினால் ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடுமா?

எடையிலும் ஏமாற்றம். சாமான், ஆள் எல்லாம் சேர்த்து வண்டி இருக்கலாம் என்று தகட்டில் போட்ட உச்ச எடை 4,490 கிலோ. 4.5 டன் வரை கார் லைசென்ஸே போதும் என்பதால் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். காலி வண்டியே 4,150. மிச்சம் 340. தண்ணீர் 160 லிட்டர், நாங்கள் நாலு பேர் 230 கிலோ. ஒரு தட்டு ஏற்றும் முன்பே 50 கிலோ அதிகம்.

யார்டுக்கு போன் செய்தேன். மேனேஜர் லீவு. மறுநாள், "மெயில் போடுங்க." போட்டேன், பதில் இல்லை. நேரில் போனால், "ஆஃப்ரோடு என்றால் கேம்ப் சைட்டுக்குள் போகிற மண்பாதை" என்கிறார்கள். மேப்பில் விரல் வைத்தவர் என்னைத் தெரியாத மாதிரி உள்ளே போய்விட்டார். கையெழுத்துப் போட்ட தாளில், 'தார் ரோடு, நன்கு பராமரிக்கப்பட்ட கிராவல்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். இன்ஷூரன்ஸும் தேய்மானம் என்று கைவிரித்துவிட்டது. வாங்கும் முன் சொன்ன உபயோகத்துக்குப் பொருள் பொருந்தணும் என்று இங்கே நுகர்வோர் சட்டம் இருக்கிறது. அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: போகப்போகும் ரோட்டின் பெயரை மெயிலில் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் எடைமேடையில் ஏற்றுங்கள். தனி மெக்கானிக்கை அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபூசோ கேன்டர், இசுசு என்பிஎஸ் லாரிகள் மாதிரி கம்பெனியிலேயே ஃபோர் வீல் டிரைவாக வந்த சேஸிஸா என்று பாருங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

நேற்று அந்த யார்டு இன்னொரு வண்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறது. என்னிடம் காட்டிய அதே செம்மண் போட்டோவோடு.