18,500 வெள்ளி போச்சு: ரேஸ் காரை ரிப்பேருக்கு விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

18,500 வெள்ளி. செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்து, ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. இன்று மத்தியானம்தான் அந்தப் பட்டறை முதலாளி கடைசியாகப் போனை எடுத்து, "உன்னால என்ன முடியுமோ பண்ணிக்க" என்று வைத்தார். சரி, என்னால் முடிந்தது இது. பந்திங், ஜெஞ்சாரோம், கேரித் தீவு பக்கம் கார் வைத்து ஓட்டுகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்னொருவர் காசு அங்கே போகக் கூடாது.

விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போகப் போவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. விபத்துக் காரைத் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை. கொஞ்ச காலமாக "ரேஸ் கார் வேலையும் செய்வோம்" என்று ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட் படமெல்லாம் முகநூலில் போட்டு ஆள் பிடிக்கிறார்கள்.

என்னுடையது பழைய புரோட்டோன் சாகா. ஒரே ரகக் கார்கள் ஓடும் அமெச்சூர் பந்தயத்துக்காக விதிப்படி கட்டியது. செப்பாங் பந்தயத் தடத்தில் அடிபட்டது. 5.543 கிலோமீட்டர் சுற்றில் பின்பக்க நேர்பாதை முடிந்து வரும் கடைசி இடது திருப்பம் ஓடியவர்களுக்குத் தெரியும். வேகத்தை முழுக்கக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். பின்னால் வந்தவருக்குப் பிரேக் போய்விட்டது. உள்பக்கமாக நுழைந்து என் இடது முன் சக்கரத்தில் நேராக இடித்தார். லோவர் ஆர்ம் மடங்கியது, டிரைவ் ஷாஃப்ட் கழன்றது, ரேடியேட்டர் போனது. இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமான். உண்மையான அடி உள்ளே. அப்சோர்பர் உட்காரும் கோபுரம் உள்பக்கமாக நகர்ந்து, இன்ஜினுக்குப் பக்கவாட்டில் நீளமாக ஓடும் செஸ்சிஸ் ரெயில் ஓர் இடத்தில் மடிந்துவிட்டது. கேஜின் இடது முன் காலும் தரையைத் தொடும் இடத்தில் வளைந்திருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கேஜும் பெல்ட்டும்தான் காப்பாற்றின.

சாதாரண கார் காப்புறுதி பந்தயத்தில் பட்ட அடிக்குப் பணம் தராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எல்லாம் கைக்காசு.

நான் அந்த மனிதரை நம்பிய இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே வலையைத்தான் அடுத்தவருக்கும் விரிப்பார். நான் ஆலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன், கொதிகலன் குழாய், வெல்டிங் எல்லாம் தினமும் கையில் படும் சமாச்சாரம். வாய்ப்பேச்சில் என்னை மயக்க முடியாது. அவர் வாய்ப்பேச்சு பேசவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, போனில் உலகக் கார் பந்தயச் சம்மேளனமான எஃப்ஐஏவின் விதியைத் திறந்து வாசித்தே காட்டினார்: "மெயின் ஹூப் 45க்கு 2.5 மில்லி, இல்லைன்னா 50க்கு 2. மத்த குழாய் 38க்கு 2.5, இல்லைன்னா 40க்கு 2. தையல் இல்லாத இழுத்த குழாய்தான் போடணும். கால் உட்காருற தகடு 3 மில்லிக்குக் குறையக் கூடாது. சரிதானே தம்பி?" அத்தனையும் சரி. (மெயின் ஹூப் என்பது ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு. முதல் எண் குழாயின் விட்டம், அடுத்தது கனம், எல்லாம் மில்லிமீட்டரில்.) இந்த வட்டாரத்தில் ஒரு பட்டறைக்காரர் இதையெல்லாம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் தே தாரேக் வந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். "அட, உங்க அப்பாவ எனக்குத் தெரியுமே, குலை வெட்டுனவருதானே? நம்ம தோட்டத்துப் பையன் ரேஸ் ஓட்டுறான்னா எனக்குப் பெருமை லா. காரை என்கிட்ட விட்டுட்டுப் போ. பெஞ்ச்ல கட்டி இழுத்து, அளவுச் சீட்டோட குடுக்கிறேன்." ஓரமாக இழுக்கும் பெஞ்சும் இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன். இறந்துபோன அப்பாவின் பேரை எடுத்தார். அங்கேதான் விழுந்தேன். முதலில் 10,000, வேலை முடிந்ததும் 8,500, ஆக 18,500 வெள்ளி. ரெயிலின் மடிந்த பகுதியை வெட்டி வேறு காரின் நல்ல பகுதி வைத்து வெல்ட் செய்வது, கோபுரத்தை அளவுக்குக் கொண்டுவருவது, கேஜின் கால் புதிது, ஆறு முனை பெல்ட் புதிது. பலமாக அடிபட்ட பெல்ட்டை மறுபடி போடக் கூடாது, அதனால் அதையும் சேர்த்தேன். இன்ஜினைத் தொடக் கூடாது, யாரும் பிரிக்காமல் இருக்கப் போட்டி நடத்துபவர்கள் வைத்த முத்திரை இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். "தெரியும் தம்பி, தெரியும்" என்றார்.

கார் வந்தபோது பளபள என்று இருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கெட்டியாகக் கறுப்பு அண்டர்கோட், துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சு. செஸ்சிஸ் அளவு சரியாக வந்ததைக் காட்டும் அளவுச் சீட்டு? "பிரிண்டர் கெட்டுப் போச்சு, வாட்ஸ்ஆப்ல அனுப்புறேன்." இன்று வரை வரவில்லை.

போன வாரம் செப்பாங்கில் பந்தயத்துக்கு முந்தைய சோதனை. அதிகாரி வயதானவர், அதிகம் பேசாதவர். பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து இடது ரெயிலில் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார், அங்கேயும் விழுந்தது. வலது ரெயிலில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஸ்குரூடிரைவர் முனையால் கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். உள்ளே இருந்து சாம்பல் நிறப் புட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது, விரல் கனம் இருக்கும். அதற்கு அடியில், செப்பாங்கில் மடிந்த அதே மடிப்பு. அப்படியே. தட்டி நிமிர்த்தக்கூட இல்லை. மடிப்பை மூடிப் புட்டி, புட்டியை மூடிப் பெயிண்ட். அவ்வளவுதான் நடந்த வேலை.

டேப் வைத்து முன்பக்கம் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார், 19 மில்லி வித்தியாசம். அப்படியானால் சக்கரம் எப்படி நேராக நின்றது? அப்சோர்பர் மேல் தகட்டில் போல்ட் ஓட்டைகளை அரம் போட்டு நீளமாக்கி, தலையை வெளியே தள்ளி இறுக்கியிருக்கிறார்கள். அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றினால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, சரியாகக் காட்டும். வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால் வரும், அப்போது அந்தத் தலை நகர்ந்தால் கார் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காரில்தான் நான் நேர்பாதையில் முழு வேகத்தில் போயிருப்பேன்.

கேஜின் புதுக் கால் வெளியளவு 38 மில்லி சரி. அதிகாரி ஓட்டை போட்டுக் கனம் பார்த்தார்: 1.6. வெட்டி எடுத்த துண்டின் உள்ளே விரல் விட்டால் நீளமாக வெல்ட் தையல் தட்டுப்படுகிறது. கட்டில், கேட் செய்கிற குழாய்! 2.5 என்று என் முகத்துக்கு நேரே வாசித்த மனிதர், தெரிந்தே இதைப் போட்டிருக்கிறார்.

பெல்ட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பில்லில் புது பெல்ட் என்று காசு வாங்கியிருக்கிறார். தோள் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் மார்க்கரில் நான் எழுதிய என் பெயரின் முதல் எழுத்து. துவைத்து, பழையதையே மாட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக இன்ஜின் முத்திரை. கம்பி புதிதாக மின்னியது, ஈயத்தில் போட்டி நடத்துபவர்களின் அடையாளம் இல்லை. யாரோ அறுத்துவிட்டு வேறு கம்பி முறுக்கியிருக்கிறார்கள். உள்ளே என்ன கழற்றினார்கள், என்ன மாட்டினார்கள், தெரியாது. அந்த நிமிடத்திலிருந்து அந்த இன்ஜின் எங்கள் பந்தயத்துக்குச் செல்லாது. மறுபடி பிரித்துச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அது தனிச் செலவு. 18,500 வெள்ளிக்கு மேல்.

அன்று மாலையே போன் செய்தேன். முதலில், "ஃபோர்மேன் ஊருக்குப் போயிட்டான் தம்பி, வந்ததும் கேட்கிறேன்." மறுநாள், "முத்திரையா? சென்சார் மாத்தும்போது பட்டிருக்கும்." சென்சார் மாற்றவே சொல்லவில்லையே, அண்ணே? லைன் கட். அப்புறம் அவர் மனைவி எடுத்தார்: "அவர் கோயிலுக்குப் போயிருக்கார்." வாட்ஸ்ஆப்பில் படங்களெல்லாம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். வேறொரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டே, "ரேஸ் வண்டிக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்றார். எழுந்துகூட வரவில்லை. நம்ம தோட்டத்துப் பையன் என்று தே தாரேக் வாங்கிக் கொடுத்த அதே மனிதர்.

அதன் பிறகு சொன்னதுதான் எனக்கு ஆத்திரத்தின் உச்சம்: "அந்த ரேஸ்ல ரூல்ஸ் ஓவர். லூசான ரேஸ் எத்தனையோ இருக்கு, அங்க ஓட்டு."

இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது, புதிதாக வரும் பையன்கள் சிலர் இதை நம்பிவிடுவார்கள். பந்தயத்துக்குப் பந்தயம் விதி மாறும், உண்மை. அமெரிக்காவில் ஸ்பெக் ரேசர் ஃபோர்ட் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் முத்திரையோடு வரும், ஓட்டுபவர் உள்ளே கை வைக்கவே முடியாது. ஸ்பெக் மியாட்டாவில் வேறு கணக்கு. மாஸ்டா எம்எக்ஸ்-5 மட்டும்தான், ஆனால் 1.6 லிட்டரும் 1.8 லிட்டரும் சேர்ந்து ஓடும், அதனால் குறைந்தபட்ச எடையையும் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகட்டையும் வைத்துச் சமப்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 2017இல் தொடங்கிய டொயோட்டா வியோஸ் சேலஞ்சில் எல்லாருக்கும் ஒரே 1.5 லிட்டர் கார். இதற்கெல்லாம் எதிர்முனையில் 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்: 500 டாலர் பெறுமான ஓட்டைக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம், இன்ஜினை எப்படி வேண்டுமானாலும் நோண்டலாம். அந்த முதலாளி சொல்லும் "லூசான ரேஸ்" இதைவிட லூசாக இருக்க முடியாது. அங்கேகூட முழு ரோல் கேஜ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கேஜ், பெல்ட், சீட் போன்ற பாதுகாப்புச் சாமான்களின் விலை அந்த 500 டாலரில் சேராது. காசு பார்த்து உயிரில் கை வைக்காதே என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இன்ஜின், எடை, டயர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டில் குழாயில் கேஜ் கட்டலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஒரே ரகப் பந்தயத்தில் இன்னொன்றும் உண்டு. எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே டயர் என்னும்போது மிச்சம் இருப்பது ஓட்டுபவரும் செஸ்சிஸ் அளவும்தான். 19 மில்லி கோணலான கார், முத்திரை அறுந்த இன்ஜின் என்றால் அது ரேஸ் காரே இல்லை, இரும்பு. விற்கவும் முடியாது, விற்றால் வாங்குபவன் உயிருக்கு ஆபத்து, அதை நான் செய்ய மாட்டேன்.

எப்படிச் சோதிப்பது என்று படத்தோடு விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்:

அண்டர்கோட் அடிப்பதற்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள், வெல்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அளவுச் சீட்டு கைக்கு வராமல் இரண்டாம் தவணை கொடுக்காதீர்கள். கார் விடும் முன் இன்ஜின் முத்திரையைக் கிட்டத்தில் படம் எடுத்து, பட்டறைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து வெள்ளிக் காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். பில்லில் "கேஜ் வேலை" என்று எழுத விடாதீர்கள், குழாயின் விட்டமும் கனமும் எழுத வைக்கும் வரை நகராதீர்கள்.

காசு போனவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். நான் நாளை காலை மனு கொடுக்கிறேன்: 18,500 வெள்ளி, அதோடு முத்திரைச் செலவு. பெயர்ந்து வந்த புட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன், வெட்டி எடுத்த குழாய்த் துண்டும் இருக்கிறது.

இதே பட்டறையில் காசு விட்டவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் அந்த மனிதர் ஃபோர்மேன் மேல் பழி போட முடியாது.