99 ரூபாய் மின்னூலும் 9 எம்பி மாவுப்பூச்சியும்

தோழி ஒருத்தி தன் கவிதைத் தொகுப்பை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் போடப் போகிறாள். "49 வைக்கவா, 99 வைக்கவா?" என்று நேற்றிரவு கேட்டாள். மாடித்தோட்டம் பற்றி ஒரே ஒரு மின்னூலைப் போட்டுவிட்டு நான்கு வருடமாக அதன் விலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவனிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா? வரவில்லை. அவளுக்கு அனுப்பியதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

முதலில் 49தான் வைத்தேன். கூச்சம்தான் காரணம், வேறென்ன. அந்த விலையில் எழுதியவருக்கு வருவது 35 சதவீதம், அதாவது பிரதிக்கு 17 ரூபாய் சொச்சம். 70 சதவீதம் வேண்டுமென்றால் 99ஐத் தொட வேண்டும், இந்தியாவில் அதற்கு கேடிபி செலக்டிலும், அதாவது மின்னூலை கிண்டிலில் மட்டுமே விற்கும் ஒப்பந்தத்திலும், சேர வேண்டும். அதனால் 98 வைத்தால் 34 ரூபாய், 99 வைத்தால் 69. இது தெரிந்த பிறகும் 75 வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

சரி, நானும் 99க்கு மாறினேன். மாதக் கடைசியில் பார்த்தால் பிரதிக்கு 25 ரூபாய்தான் வந்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு யாரை யாரையோ திட்டிவிட்டு, கடைசியில் விதிகளைப் படித்தபோதுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது. 70 சதவீதத்தில் கோப்பின் எடைக்கு டெலிவரி செலவு உண்டு, எம்பிக்கு 7 ரூபாய். நானோ விலையை மாற்றும்போதே போனில் எடுத்த படங்களையும் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தேன். செம்பருத்தித் தண்டில் மாவுப்பூச்சி, கத்தரி இலையில் மாவுப்பூச்சி, அதே பூச்சி இன்னொரு கோணத்தில். மொத்தம் 9 எம்பி. 99இல் 63 போக மிச்சம் 36, அதில் 70 சதவீதம் 25 ரூபாய். டெலிவரி செலவே இல்லாத 35 சதவீதத்தில் விட்டிருந்தால்கூட 34 வந்திருக்கும்! வரியையெல்லாம் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படங்களைச் சுருக்கி ஒன்றரை எம்பிக்குக் கொண்டுவந்தேன். பிரதிக்கு 62 ரூபாய். அடுத்த வாரமே ஒரு நட்சத்திரத்தோடு விமர்சனம் வந்தது: "பூச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை." நியாயமான விமர்சனம்தான். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எதிர்பார்க்காத ஒரு நன்மையும் உண்டு. செலக்டில் இருக்கும் 90 நாளும் மின்வடிவத்தை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. "ஏண்டா, அந்தப் பிடிஎஃபை குடும்ப குரூப்ல தட்டிவிடேன்" என்று சித்தப்பா கேட்கும்போதெல்லாம் "ஒப்பந்தம் இருக்கு சித்தப்பா" என்று சொல்லும் சுகம் இருக்கிறதே, அதற்கே சேரலாம். இலவசமாகத்தான் வேண்டுமென்றால் அந்த 90 நாளில் 5 நாள் நாமே இலவசமாக வைக்கலாம். வைத்தேன், சித்தப்பா பதிவிறக்கம் செய்யவில்லை. அப்புறம், செலக்டில் சேர்ந்தால் புத்தகம் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்துக்கும் போகும்; அந்தச் சந்தாவில் படிப்பவர்களுக்கு நாம் வைக்கும் விலை ஒரு பொருட்டே இல்லை, அங்கே படித்த பக்கத்துக்குத்தான் காசு. எனக்கு வரும் தொகையில் பாதிக்கு மேல் அந்த வழியில்தான் வருகிறது, இவ்வளவு யோசித்து வைத்த விலையை அவர்கள் யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

அதனால் தோழிக்கு 99 என்றுதான் சொன்னேன். கவிதைக்குப் படம் கிடையாது, கோப்பு இறகு மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். கூச்சப்பட்டு 49 வைக்காதே என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

என் புத்தகத்தை மட்டும் இன்று காலை 49க்கு இறக்கிவிட்டேன். ஆடிப்பட்டம் நெருங்குகிறது, விதை வாங்குகிறவர்கள் தேடுவார்கள் என்பது ஒரு சாக்கு. அந்த விலையில் எம்பிக்கு 7 ரூபாய் பிடித்தம் கிடையாது. மாவுப்பூச்சிப் படம் ஒன்றை மட்டுமாவது பழைய அளவிலேயே திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நட்சத்திரக்காரர் வந்து பார்க்கட்டும்.