காமாலைன்னு போனா உடனே ஸ்டென்ட் வைக்கச் சொல்ற ஆஸ்பத்திரி, உஷாரா இருங்க

ஆஸ்பத்திரி பேரை இங்க போட முடியாது, காரணத்தை கடைசியில சொல்றேன். டெல்டா பக்கம் டவுன்ல இருக்கிற ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு 58 வயசு. கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் டீ டிகாஷன் மாதிரி, மலம் வெளுத்துப்போச்சு, உடம்பு முழுக்க அரிப்பு, ஆனா வயித்துவலி துளிகூட இல்ல. அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடிதான் திடீர்னு சுகர் வந்து எடையும் குறைஞ்சிருந்துச்சு. தெருவுல ஆளாளுக்கு கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கன்னாங்க, அதை விடுங்க. வலியில்லாத காமாலை, புதுசா சுகர், எடை குறையறது மூணும் சேர்ந்து வந்தா கணையத்துல கட்டி இருக்கான்னு பாக்கணும், இது டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

அங்க என்ன பண்ணாங்கன்னா, ஒரு அல்ட்ராசவுண்ட். வயித்துல வாயு மறைக்குது, கணையம் சரியா தெரியலன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கான். அப்ப அடுத்து கான்ட்ராஸ்ட் சிடி, அதாவது நரம்புல மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன் தானே எடுக்கணும்? அதை விட்டுட்டு பித்தக்குழாய்ல கல்லு இருக்கும், ராத்திரியே ஈஆர்சிபி (வாய்வழியா குழாய் விட்டுப் பண்றது) பண்ணி, பித்தம் வடிய உள்ள ஸ்டென்ட்ங்கிற சின்னக் குழாய் வைக்கலன்னா உயிருக்கு ஆபத்துன்னு சித்தியை மிரட்டி கையெழுத்து வாங்கிட்டாங்க. காய்ச்சல் இல்ல, குளிர் இல்ல, ரத்தத்துல காமாலை அளவைக் காட்டுற பிலிருபின் 9. கல்லும் இல்ல. ஸ்டென்ட் வச்ச மறுநாளே கணையம் வீங்கி சித்தப்பா வலியில துடிச்சார். ஈஆர்சிபில இப்படி வர வாய்ப்பு உண்டுன்னு முன்கூட்டியே யாரும் ஒரு வார்த்தை சொல்லல, டிஸ்சார்ஜ் சம்மரிலயும் அதைப் பத்தி ஒரு வரி கிடையாது, "நிலை சீராக உள்ளது"ன்னு மட்டும் இருக்கு.

அதுக்கப்புறம்தான் சிடி, அதுவும் கான்ட்ராஸ்ட் இல்லாம. உள்ள எல்லாம் வீங்கிக் கிடக்கு, நடுவுல ஸ்டென்ட் வேற, இதுல என்ன தெரியும்? லிவர்ல ரெண்டு புள்ளி இருக்கு, சிஏ 19-9ங்கிற கேன்சர் சம்பந்தப்பட்ட ரத்த டெஸ்ட் எண்ணூறைத் தாண்டிருச்சு, கேன்சர் பரவிடுச்சுன்னாங்க. அந்த டெஸ்ட் 37க்குள்ள இருக்கணும்தான், ஆனா பித்தம் அடைச்சிருந்தாலே அது ஏறும், அதனால காமாலை இறங்கின பிறகு திரும்ப எடுத்துப் பாக்கணும்னு பின்னாடிதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

இதைவிடக் கொடுமை, பரவிடுச்சுன்னு சொன்ன அதே வாயால, வெளியூர்லேருந்து சர்ஜன் ஞாயித்துக்கிழமை வருவார், திறந்து பாத்துடலாம், பேக்கேஜ் நாலரை லட்சம், பாதி கேஷா கட்டுங்கன்னாங்க. லிவருக்கு நிஜமாவே பரவியிருந்தா, கணையத் தலையைக் கட்டியோட எடுக்கிற விப்பிள் ஆபரேஷனே பொதுவா பண்ண மாட்டாங்க. பரவலன்னா பரவிடுச்சுன்னு ஏன் அழ வைக்கணும்? என் தம்பி இதைக் கேட்டதுக்கு "நீங்க டாக்டரா"ன்னு பதில்.

சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரி சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ (குடல், கணையம் ஆபரேஷன் பண்ற) டிபார்ட்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க முதல் கேள்வியே, ஸ்டென்ட் வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த சிடி எங்கன்னுதான். வீக்கம் அடங்கவே பல வாரம் ஆச்சு. பிறகு கணையத்துக்குன்னே கட்டம் கட்டமா எடுக்கிற கான்ட்ராஸ்ட் சிடி, லிவருக்கு எம்ஆர்ஐ. அந்த ரெண்டு புள்ளியும் வெறும் ரத்தநாளக் கட்டி, ஹீமாஞ்சியோமா, நிறைய பேருக்கு இருக்கிற சாதாரண விஷயம். கணையத் தலையில சின்னக் கட்டி, குடலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயைத் தொடல. முதலமைச்சர் காப்பீட்டுலயே விப்பிள் பண்ணாங்க, இப்ப கீமோ போகுது.

ஸ்டென்டே தப்புன்னு சொல்ல வரல. காய்ச்சலோட பித்தத்துல கிருமி ஏறியிருந்தா, பிலிருபின் ரொம்ப ஏறிப்போயிருந்தா, இல்ல முதல்ல கீமோ குடுக்கணும்னா ஸ்டென்ட் வேணும்தான். ஆனா நேரா ஆபரேஷனுக்குப் போகக்கூடிய ஆளுக்கு எதுக்கு? நெதர்லாந்துல பண்ணி 2010ல வெளியான ஆய்வுல, முதல்ல பித்தத்தை வடிச்சவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு பெரிய சிக்கல், நேரா ஆபரேஷன் ஆனவங்கள்ல 39 சதவீதம்தான். எப்படி இருந்தாலும் சிடியை ஸ்டென்டுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. வர்ற சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றார், கணையத்தைக் குடலோட சேர்த்த இடத்துல லீக் ஆனா ராத்திரி யார் பாப்பாங்கன்னும் கேளுங்க. அமெரிக்காவுல 2002ல வந்த கணக்குப்படி, இந்த ஆபரேஷன் ரொம்பக் குறைவா பண்ற ஆஸ்பத்திரிகள்ல சாவு 16 சதவீதம், நிறைய பண்ற இடங்கள்ல 4 சதவீதத்துக்குள்ள.

சிடி படம் கேட்டா பாக்கி பணம் கட்டினாதான்னு இழுத்தடிச்சாங்க. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்ட் குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதி இருக்கு. அதைச் சொல்லி எழுதிக் குடுத்த பிறகுதான் படம் கைக்கு வந்துச்சு, அதுவும் ஒரு ஷீட் குறைவா. புகார் குடுத்திருக்கோம், விசாரணை நடக்குது, அதனாலதான் பேர் போடல. கட்டின பணத்துக்கு முழு பில் இன்னும் தரல.