அட்டிகை, மாங்காய் மாலை, காசுமாலை: மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த அனுபவம்

முகூர்த்த சீசன் வந்தால் பல வருஷமாக எனக்கு இந்த மூன்றடுக்குதான். கழுத்தை ஒட்டி அட்டிகை, நடுவில் மாங்காய் மாலை, கீழே காசுமாலை. அட்டிகை மட்டும் தங்கம், மற்ற இரண்டும் சிதம்பரம் கவரிங்.

இந்த வரிசையை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வியர்வை. கவரிங் என்பது செம்பின் மேல் பூசிய முலாம், வியர்வை பட்டால் சீக்கிரம் கறுக்கும். கழுத்தோடு ஒட்டும் இடத்தில் தங்கம் இருந்தால் கவலையில்லை. நீள மாலைகள் பெரும்பாலும் புடவை மேலேயே கிடப்பதால் முன்பக்கம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பின்கழுத்தில் படும் சங்கிலி மட்டும் சிவந்துவிட்டது. அதற்கு மறுபடி முலாம் போட வேண்டும்.

நீளத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அட்டிகை 15 அங்குலம், மாங்காய் மாலை 21, காசுமாலை 30. இடைவெளி குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எதுவுமே தெரியாது. கல்யாணமானவர்களுக்கு இன்னொரு சிக்கல், தாலிக்கொடி. அது பெரும்பாலும் 24 அங்குலத்துக்குமேல் வரும், நடுமாலையோடு பின்னிக்கொள்ளும். நான் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன். வெளியே தெரிய வேண்டும் என்றால் மாங்காய் மாலையை விட்டுவிடலாம், தாலிக்கொடியே நடு அடுக்காகிவிடும். பதக்கமும் ஒன்றில் இருந்தால் போதும். மூன்றிலும் தொங்கினால் நகைக்கடை பொம்மை மாதிரிதான்.

எல்லாரும் கண்ணாடியில் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். தொல்லை பின்னால் இருக்கிறது. மூன்று கொக்கியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குத்தும், முடியும் மாட்டும். அட்டிகைக்குக் கயிறு, மற்றதற்கு பேக் செயின் என்று வைத்து, கொக்கிகளை மேலும் கீழுமாக விட்டால் சரியாகிறது. காசுமாலை கனத்தில் ஒரு பக்கமாக நகரும். அதன் பேக் செயினை ஜாக்கெட்டின் பின்கழுத்தில் சின்ன ஊக்கால் பிடித்துவிட்டால் சாப்பாட்டுப் பந்தி வரை அசையாது. அப்புறம், காசுகளின் ஓரம் ஜரிகையை இழுக்கும். மென்பட்டுக்கு நான் அதைப் போடுவதில்லை.

நிறம் சேராவிட்டால் என்ன அடுக்கினாலும் வீண். மங்கலான ஆன்டிக் பாலிஷும் பளபளக்கும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. சிவப்புக் கெம்புக் கல் பதித்த, நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையோடு வெள்ளைக்கல் நெக்லஸும் அப்படித்தான். பரதநாட்டியக்காரர்கள் குட்டை மாலை, நீள மாலை இரண்டையும் ஒரே கெம்பு செட்டில் போடுவதைக் கவனியுங்கள், தூரத்திலிருந்தும் தனித்தனியாகத் தெரியும்.

சென்ட் அடிப்பதை நகை போடுவதற்கு முன்பே முடித்துவிடுவேன். கழற்றியதும் பருத்தித் துணியால் துடைத்து, கொக்கியை மாட்டி, தனித்தனி ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன். கொக்கி மாட்டாமல் போட்டால் அடுத்த கல்யாணத்தன்று காலையில் சிக்கு எடுக்கவே நேரம் போய்விடும். மே மாத மத்தியான வரவேற்புக்கு மட்டும் மூன்றும் வேண்டாம், அட்டிகையும் காசுமாலையும் தாராளம்.