மும்பைத் துறைமுகச் சேற்றுக்கு எந்த நங்கூரம், எந்தக் கயிறு?

இருபது அடி நீளப் பொழுதுபோக்குப் படகுக்கு நங்கூரம் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் மும்பைத் துறைமுகத்தின் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சென்னைப் பக்கம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏற்றமும் வற்றமும் பெரிய விஷயமே இல்லை. அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நாலு மீட்டரைத் தாண்டிப் போகிறது. அதுவும் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். காலையில் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்து நின்ற படகு, சாப்பாட்டு நேரத்தில் எதிர்க்கரை உரணைப் பார்த்து நிற்கும்.

இதோடு சேறு. துறைமுகத்துக்குள் பெரும்பாலான இடத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டும் சேறுதான். ஆக, இங்கே வேலை செய்கிற நங்கூரம் இளகிய சேற்றில் பிடிக்க வேண்டும், இழுப்பு எதிர்த்திசைக்கு மாறினால் தானே புரண்டு மறுபடி பிடிக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நங்கூரம் முழுசாகச் செய்வதில்லை. அலசலே இதனால்தான்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது நாலு கை கொண்ட மடக்குக் கொக்கி. விலை குறைவு, மடித்தால் பைக்குள் போய்விடும். பாறை இடுக்கில் நன்றாக மாட்டும். கொலாபா முனைக்குத் தெற்கே பிராங்ஸ் கலங்கரை விளக்கைச் சுற்றிய பாறைப் பகுதியில் மீன் பிடிக்க நிற்பவர்களுக்கு அது போதும். சேற்றில் வைத்தால் அந்த மெல்லிய கைகள் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டே போகும். காளான் வடிவ நங்கூரமும் துடுப்புப் படகில் பத்து நிமிடம் நிற்பதற்கு மட்டும்தான். இவை இரண்டையும் இதோடு விட்டுவிடலாம்.

டான்ஃபோர்த் நங்கூரத்தின் கதை வேறு. இரண்டு அகலத் தகடுகள், நடுவில் கீல். 1940-களில் அமெரிக்காவில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகள் மணலிலிருந்து தங்களைத் தாங்களே பின்னுக்கு இழுத்துக்கொள்ள இதைத்தான் போட்டன. எடைக்கு எடை பார்த்தால் சேற்றிலும் மணலிலும் இதன் பிடிக்கு ஈடு குறைவு. அலுமினியத்தில் இதே வடிவில் வருகிற ஃபோர்ட்ரெஸ் இன்னும் ஒரு படி மேல். தகட்டின் கோணத்தை மணலுக்கு 32 டிகிரி, இளகிய சேற்றுக்கு 45 டிகிரி என்று மாற்றி வைக்கலாம். 2014-ல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இளகிய சேற்றில் பல நங்கூரங்களை இழுத்துப் பார்த்த சோதனையில் 45 டிகிரி ஃபோர்ட்ரெஸ் மற்றவற்றைவிட மிக நன்றாகப் பிடித்தது. சோதனையை நடத்தியது அந்த நிறுவனமேதான், அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அகலத் தகடு சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. இருபது அடிப் படகுக்கான அளவில் இதன் எடை இரண்டு கிலோவுக்குள்தான், ஒரு கையால் தூக்கிப் போடலாம்.

அப்படியானால் ஃபோர்ட்ரெஸ்தானே வாங்க வேண்டும்? நீரோட்டம் திரும்பும் நேரத்தில்தான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை குறைகிறது. படகு எதிர்ப்பக்கம் போய் இழுக்கும்போது தட்டை வகை நங்கூரம் சில சமயம் பிடுங்கிக்கொண்டு வரும். மறுபடி பிடிக்க வேண்டுமென்றால் தகடுகள் கீலில் தாராளமாக ஆட வேண்டும். நம் துறைமுகத்தின் அடித்தளத்தில் சேறு மட்டுமா இருக்கிறது? பால் கவர், சாக்குத் துண்டு, அறுந்த வலை என்று எல்லாம் கிடக்கிறது. தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொண்டால் போதும், தகடு கீழே திரும்பாது, நங்கூரம் தரை மேல் சறுக்கிக்கொண்டே போகும். எடை குறைந்த அலுமினியமாக இருந்தால் வேகமான ஓட்டத்தில் அடியைத் தொடவே நேரம் எடுக்கும். ஆகவே ஆள் படகிலேயே இருக்கிற, ஒரே ஓதத்துக்குள் முடிகிற நிறுத்தத்துக்கு இது அருமை. எதிர்க்கரை மாண்ட்வா பக்கம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, நீர் திரும்புவதற்குள் கிளம்புகிறவர்கள் தாராளமாக நம்பலாம். இரவு தூங்குவதற்கோ, படகை விட்டுக் கரையில் இறங்கிப் போவதற்கோ இது ஒன்றை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

கலப்பை வகைக்கு நல்ல பரம்பரை உண்டு. சி.க்யூ.ஆர். நங்கூரத்தை 1933-ல் வடிவமைத்தவர் ஜெஃப்ரி டெய்லர், பாய்ம இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற ஆங்கிலேய இயற்பியலாளர். கடல் விமானங்களுக்கு எடை குறைந்த நங்கூரம் தேவைப்பட்டதால் பிறந்தது அது. திசை மாறினாலும் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும், அது பெரிய பலம். ஆனால் இளகிய சேற்றை உழுதுகொண்டே மெதுவாக நகர்ந்துவிடும், சிறிய அளவுகளில் இந்தக் குறை கூடுதல். 1970-களில் வந்த புரூஸ், மூன்று விரல் நகம் மாதிரி இருப்பது. போட்டவுடன் பிடிக்கும், திரும்பினாலும் பிடிக்கும், கீல் எதுவும் கிடையாது. ஆனால் பிடியின் அளவு குறைவு. ஐந்து கிலோ புரூஸைச் சேற்றில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டிவரும். அப்புறம் சின்னப் படகின் முன்பக்கத்தில் அதை எங்கே வைப்பது?

எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ரோக்னாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மான்டஸும். உள்பக்கம் குழிந்த ஒற்றைத் தகடு, மேலே ஒரு வளையம். நங்கூரம் எப்படி விழுந்தாலும் அந்த வளையம் உருட்டி முனையைத் தரை பார்க்க வைக்கும். இதிலும் கீல் இல்லை, எனவே குப்பை சிக்கிக்கொள்ள இடம் குறைவு. நீர் திரும்பும்போது பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே திரும்புகிறது. பிடுங்கிக்கொண்டாலும் தன் நீளத்தைப் போலச் சில மடங்கு தூரத்துக்குள் மறுபடி இறங்கிவிடுகிறது. இளகிய சேற்றில் எடைக்கு எடை ஃபோர்ட்ரெஸ் அளவுக்குப் பிடிக்காது என்பது உண்மை. அதை ஒரு அளவு பெரிதாக வாங்கி ஈடுகட்டலாம். ஆறு மீட்டர் நீளம், ஒரு டன் எடைப் படகுக்குப் பகலில் 6 கிலோ போதும். இரவு தங்குகிறவர்கள் 10 கிலோ வாங்கட்டும். மேலே எடுக்கும்போது அந்தக் குழியில் ஒரு பெரிய கட்டிச் சேறும் கூடவே வரும், அதன் நாற்றமும் வரும். தண்ணீர் மட்டத்தில் வைத்துப் படகை மெதுவாக ஓட்டிக் கழுவிய பிறகே உள்ளே எடுக்க வேண்டும். கொஞ்சம் சிரமம்தான், ஆனால் நங்கூரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பதற்கு அந்தச் சேறே சாட்சி.

சரி, இனி கயிறு. என் கணக்கில் நங்கூரத்தைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நல்ல நங்கூரத்தையும் குறைந்த கயிறு தோற்கடித்துவிடும்.

இழுப்பு தரைக்குக் கிடைமட்டமாக இருந்தால்தான் நங்கூரம் உள்ளே இறங்கும். மேல் நோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும். அதனால் படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, தரை வரை உள்ள உயரத்தைப் போல ஐந்து மடங்காவது, காற்று இருந்தால் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். இந்தக் கணக்கு உலகமெங்கும் ஒன்றுதான். மும்பையில் ஏமாற்றுவது அந்த உயரம். வற்றத்தில் போய் நிற்கிறீர்கள், தண்ணீர் 2 மீட்டர், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர், மொத்தம் 3. இருபது மீட்டர் விட்டால் ஏழு மடங்கு ஆகிவிட்டது என்று தோன்றும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் 4 மீட்டர் ஏறுகிறது. உயரம் இப்போது 7, அதே இருபது மீட்டர் மூன்று மடங்குகூட இல்லை. அந்த நேரம் பார்த்து மாலையின் வடமேற்குக் கடற்காற்றும் எழும்பியிருக்கும். படகு இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இப்படித்தான், சேற்றின் மேல் பழி போடுவதில் பயன் இல்லை.

ஆகவே ஏற்றத்து உயரத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும்: 7 மீட்டருக்கு ஏழு மடங்கு 49. எனவே ஐம்பது மீட்டர் கயிறும் அதற்கு மேல் சங்கிலியும். நங்கூரத்தோடு சேர்த்துப் பெட்டியாக விற்கிற முப்பது மீட்டர் கயிறு இங்கே போதாது. நீளக் கயிற்றுக்கு ஒரு விலையும் உண்டு, வற்றத்தில் படகு ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆரத்தில் வட்டமடிக்கும். கொலாபா பக்கம் நிரந்தர மிதவைகளில் நெருக்கமாகக் கட்டிய படகுகளுக்கு நடுவில் இதைச் செய்ய முடியாது. இடம் தள்ளிப் போய் நிற்க வேண்டும்.

எந்தக் கயிறு? மஸ்ஜித் பந்தர் கடைகளில் செயற்கை இழை எதுவாக இருந்தாலும் நைலான் என்றே எடுத்துக் கொடுக்கிறார்கள். மாட்டுங்காவில் இருக்கும் என் மைத்துனனோடு போனபோது, கடைக்காரர் நீட்டிய பளபளப்பான நீலக் கயிற்றில் ஒரு விரல் நீளம் வெட்டித் தரச் சொல்லி, அங்கே இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டோம். மிதந்தது. அப்படியானால் அது பாலிப்ரொப்பிலின், நைலான் இல்லை. நைலான் தண்ணீரைவிட அடர்த்தியானது, மூழ்கிவிடும்.

“மிதந்தா நல்லதுதானே அத்தான்? கயிறு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்ல?” என்றான் மைத்துனன்.

“நமக்குப் பகல்ல தெரியும். ராத்திரி அந்தப் பக்கம் வர்ற படகுக்குத் தெரியாதேப்பா.”

வற்றத்தில் உபரியாகக் கிடக்கிற கயிறு மேலே மிதந்தால் அடுத்தவர் புரொப்பெல்லரில் சுற்றும், நம்முடையதிலும் சுற்றும். அதோடு பாலிப்ரொப்பிலின் வெயில் தாங்காது. சில மாதங்களில் மேலிழை நொறுங்கித் தூளாகக் கையில் ஒட்டும். விலை குறைவு என்பதற்காக நங்கூரத்துக்கு அதை வாங்காதீர்கள்.

பாலியஸ்டர் மூழ்கும், வெயிலையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நீளாது. ஃபெர்ரி கடந்து போகும் ஒவ்வொரு அலைக்கும் படகு வெடுக்கென்று இழுக்கும், அந்த வெட்டு நேராக நங்கூரத்துக்குப் போகும். மும்பைத் துறைமுகத்தில் அந்த அலை ஓய்வதே இல்லை. நைலான் நீண்டு கொடுக்கும், அறுபடுவதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு வரைகூட நீளும். நனைந்தால் வலு பத்து சதவீதத்துக்கும் சற்று மேல் குறையும் என்றாலும் 12 மி.மீ. மூன்று புரிக் கயிறு இந்த அளவுப் படகின் தேவையைவிடப் பல மடங்கு தாங்கும். 10 மி.மீ.கூட வலுவுக்குப் போதும், ஆனால் ஈரக் கையோடு இழுக்கும்போது உள்ளங்கையை வெட்டும். எட்டுப் புரிப் பின்னல் கயிறு மிருதுவாகச் சுருளும், விலை கூடுதல். நான் மூன்று புரிக்கே ஓட்டுப் போடுவேன், முனையில் கண்ணி பின்னுவது அதில்தான் சுலபம். முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலுவில் பெரும் பங்கு போய்விடும். உலோகக் கண்ணியைச் சுற்றிப் பின்னினால் கிட்டத்தட்ட முழு வலுவும் தங்கும். பாலியஸ்டரும் மூழ்கும் என்பதால் டம்ளர் சோதனை நைலானையும் அதையும் பிரித்துக் காட்டாது. அதற்கு ரோலில் ஒட்டிய லேபிளைப் பார்த்தே வாங்குங்கள்.

முழுக்கச் சங்கிலி போடலாமே என்பவர்களுக்கு: 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஐம்பது மீட்டர் என்றால் 70 கிலோ, ஓர் ஆள் எப்போதும் அணியத்திலேயே உட்கார்ந்திருக்கிற பாரம். சின்னப் படகுக்கு ஐந்து, ஆறு மீட்டர் போதும். அடியில் கிடக்கும் சிப்பியும் துருப்பிடித்த இரும்பும் கயிற்றை அறுக்காமல் அது காக்கும், லேசான காற்றில் இழுப்பையும் தாழ்த்தி வைக்கும். பலத்த காற்றில் சங்கிலி நிமிர்ந்துவிடும், அப்போது கைகொடுப்பது நீளம் ஒன்றுதான்.

தாருகானாவில் உடைத்த கப்பல்களின் சங்கிலி மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் நமக்குத் தேவைக்கு மீறிய கனம். மெல்லியதாகக் கிடைத்தாலும் ஒரு வளையத்தை அடுத்த வளையத்திலிருந்து தள்ளி, இரண்டும் உரசுகிற உள்விளிம்பைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிதாக வாங்கினால் மின்முலாம் பூசிய பளபளப்பை விட்டுவிட்டு, உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த மங்கல் சாம்பல் நிறத்தை எடுங்கள். நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ஷாக்கிளின் (U வடிவ வளையம்) ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், கட்டாத ஆணி படகின் ஆட்டத்தில் தானே கழன்றுவிடும்.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் முதலில் கயிறும் சங்கிலியும், அப்புறம் நங்கூரம். நல்ல ஐம்பது மீட்டர் நைலானில் கட்டிய உள்ளூர் டான்ஃபோர்த், முப்பது மீட்டர் பிளாஸ்டிக் கயிற்றில் கட்டிய ரோக்னாவைவிட மேல் என்பது என் முடிவு. அடுத்த பருவத்தில் ரோக்னா வந்ததும் டான்ஃபோர்த்தை இரண்டாவது நங்கூரமாக வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றும்போது கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் அது பல வருஷம் வரும்.

எங்கே போடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜவஹர் தீவைச் சுற்றி எண்ணெய்க் குழாய்கள் போகின்றன. எலிஃபண்டாவுக்கு 2018-ல் கடலடியில் மின்கேபிள் போட்டார்கள். கடல் வரைபடத்தில் இவை குறித்திருக்கும். கயிற்றின் கடைசி முனையைப் படகுக்குள் உறுதியான வளையத்தில் கட்டி, கத்தி எட்டும் தூரத்தில் வையுங்கள். நங்கூரம் எதிலாவது மாட்டி வர மறுத்தால் எஞ்சினை முடுக்கி இழுக்காதீர்கள். அங்கே கேபிள் இருக்க வாய்ப்பு உண்டென்றால் கயிற்றில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டு அறுத்து, துறைமுகக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.